204 மணித்தியாலமும் ஒரு தயிர்ச் சட்டியும்

போன மாதம் மட்டும் மூன்று பேர் அழைத்துக் கேட்டார்கள். ஒருவர் கல்முனையிலிருந்து, மகளுக்காக. மற்றவர் ஆரையம்பதியில் என் பழைய ரியூசன் மாஸ்டர், மருமகனுக்காக. மூன்றாமவர் யாரென்றே தெரியாது, என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்ததோ. மூவரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "பைலட்டுக்குப் படிக்க எவ்வளவு காசு முடியும்?" படித்து முடித்தால் வேலை எங்கே, எத்தனை வருசத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2018இல் நானும் கேட்கவில்லை.

அந்த வருசம் மார்ச்சில்தான் மட்டக்களப்பு விமான நிலையத்தை உள்நாட்டுப் பயணத்துக்குத் திறந்தார்கள். வலையிறவுப் பக்கம் சின்ன விமானங்கள் தாழ இறங்குவதைப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்தது. கொழும்புப் பக்கம் இரத்மலானையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு முதல் தவணையைக் கட்டிவிட்டுத்தான் மருத்துவச் சோதனைக்கே போனேன். அது முதல் பிழை. வர்த்தக விமானி லைசென்சுக்கு, அதாவது சி.பி.எல்.லுக்கு, முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அது கையில் வரும் வரை யாருக்கும் ஒரு சதமும் கட்டக்கூடாது.

அன்று என்னோடு ஒரு அக்கரைப்பற்றுப் பெடியனும் வந்திருந்தான். இரத்தம், ஈ.சீ.ஜீ., காது எல்லாம் இருவருக்கும் சரி. கடைசியில் இஷிஹாரா தட்டுகள். பல நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கத்தை வாசிக்க வேண்டும். முதல் தட்டின் 12 எல்லோருக்கும் தெரியும், அது சும்மா காட்டுவதற்கு. இரண்டாவதை நான் 8 என்றேன். அவன் 3 என்றானாம். வெளியே வந்து, "அதுல 3 தானேடா இருந்தது?" என்று என்னிடம் கேட்டான். சிவப்பும் பச்சையும் தனக்குக் குழம்பும் என்று அந்த வயது வரை அவனுக்குத் தெரியாது. கிரிக்கெட் விளையாடியிருக்கிறான், மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறான், ஒன்றிலும் தெரியவில்லை. கட்டிய 2 லட்சம் திரும்ப வரவில்லை. பள்ளி கொடுத்த காகிதத்தில் பொடி எழுத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

பரீட்சைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விமானச் சட்டம், வழிகாட்டல், வானிலை, பறப்பின் கோட்பாடுகள் என்று ஒவ்வொன்றாக இருந்து படித்தால் பாஸ். ஆங்கிலம்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயம். சர்வதேச அளவுகோலில் ஆறு மட்டங்கள் உண்டு, நாலாவது கிடைத்தால் போதும். ஆனால் அது மூன்று வருசத்துக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி சோதனை.

வானிலைப் பாடத்தில் ஒருநாள், மலையின் ஒரு பக்கம் ஈரக்காற்று ஏறி மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் சூடாகவும் வறண்டும் இறங்கும் என்று படம் கீறிக் காட்டினார் மாஸ்டர். ஜெர்மன் பெயர் ஒன்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் கச்சான் காற்று. ஆடி மாதம் உடுப்பை அரை மணித்தியாலத்தில் காயவைத்து, மனுசனின் மூளையையும் காயவைக்கிற அதே காற்று.

அந்தக் காற்று 2019 ஜூலையில் என்னை ஒன்பது நாள் காக்க வைத்தது. சி.பி.எல்.லுக்குத் தனியாக ஒரு நீண்ட பறப்பு செய்ய வேண்டும். குறைந்தது 300 கடல் மைல், நடுவில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நிறுத்த வேண்டும். நான் எடுத்த வழி இரத்மலானையிலிருந்து திருகோணமலைச் சீனக்குடா, அங்கிருந்து மட்டக்களப்பு, திரும்ப இரத்மலானை. கணக்குப் பார்த்தால் 300ஐ மட்டுமட்டாகத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு காலையும் இரத்மலானையில் மழை மூட்டம். அம்மாவுக்குப் போன் அடித்தால், "இங்க மேகமே இல்ல மனே, வெயில் கொளுத்துது, ஏன் நீ வரல?" என்பா. இந்தப் பக்கம் மழை பெய்வதால்தான் அந்தப் பக்கம் வெயில் என்று எப்படி விளங்கப்படுத்த?

பத்தாம் நாள் விடிய வானம் கொஞ்சம் விட்டது. சீனக்குடாவிலிருந்து கரையோரமாகவே இறங்கி வந்தேன். வாகரை, கல்குடா, பாசிக்குடா என்று பஸ்ஸில் மணிக்கணக்காகப் போன ஊர்களெல்லாம் நிமிசத்துக்கு ஒன்றாய்க் கழிந்தன. வாவி தெரிந்ததும் வலது பக்கத்திலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கியது. செஸ்னா 152 என்பது இரண்டு பேர் தோள் முட்ட இருக்கிற தகரப் பெட்டி. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரிச் சரிவாக வந்து, கடைசி நொடியில் நேராக்கி இறக்கினேன். இரண்டு தரம் துள்ளியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அம்மா பார்த்திருக்கிறா. வாசலில் அப்பாவும் நின்றார். அம்மாவின் கையில் புட்டும் இறால் குழம்பும் கட்டிய பார்சல், மற்றக் கையில் பள்ளி மாஸ்டருக்கென்று எருமைத் தயிர்ச் சட்டி. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 152இன் உச்ச எடை 757 கிலோ. எரிபொருள், நான், பை எல்லாம் கூட்டி எழுதிய தாளில் பென்சிலால் இன்னொரு வரி சேர்த்தேன்: "தயிர், 4 கிலோ". இரத்மலானையில் மாஸ்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். சட்டியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதோடு நல்ல கதை முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா. 2021 கடைசியில் என் கையில் சி.பி.எல். இருந்தது, பறப்புப் புத்தகத்தில் 204 மணித்தியாலம், குடும்பத்தின் தலையில் 70 லட்சத்துக்கு மேல் கடன். இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதிக்கு, அதாவது ரேட்டிங்குக்கு, டொலரில் கட்ட வேண்டியிருந்த மிச்சப் பணம், 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குத் தாவியபோது தானாகவே இரட்டிக்கப் பார்த்தது. அம்மாவின் கைகள் அந்த வருசம்தான் வெறுங்கையாயின.

வேலை தேடப் போனபோதுதான் 204 என்ற இலக்கத்தின் பெறுமதி விளங்கியது. உள்நாட்டில் பயணிகளை ஏற்றுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சின்ன விமானங்கள். உல்லாசப் பயணிகளை நம்பி ஓடுபவை. நம் சனம் உதயதேவி ரயிலிலும் இரவு பஸ்ஸிலும்தான் போகும். ஆக, ஒரு ஆள் விலகினால்தான் ஒரு ஆளுக்கு இடம்.

டொரண்டோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அண்ணா ஓயாமல் அடிப்பார். "இங்க றீஜனல் எயார்லைன்ஸ்காரர் பைலட் இல்லாமத் தவிக்கிறாங்க, வாடா." அப்போது தவித்தது உண்மைதான். ஆனால் அந்த விளம்பரங்களின் அடியில் அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் இன்னொரு மதிலும் உண்டு. 2009இல் பஃபலோ அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013இலிருந்து துணை விமானிக்கே 1,500 மணித்தியாலம் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். விமானத்துறைப் பட்டதாரிக்கும் முன்னாள் படை விமானிக்கும் சலுகை உண்டு. அந்த விமானத்தில் இருந்த இருவருக்குமே 1,500க்கு மேல் இருந்தது என்பதுதான் வேடிக்கை. எனக்கென்ன, சட்டம் சட்டம்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு முகவர் அகப்பட்டார். ஏ.டி.ஆர். என்ற பயணிகள் விமானம் ஓடும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் துணை விமானி இருக்கை, 500 மணித்தியாலம், சீருடை, எல்லாம் உண்டு. நாங்கள் கட்ட வேண்டியது 30,000 டொலர். சம்பளம் கிடையாது. 500 முடிந்ததும் அடுத்த பெடியன் காசோடு வருவான், நாம் வீட்டுக்கு. வாகரைக் காணியின் உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லிவிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டு முகவரின் தாளை முழுக்க வாசித்தார். வயலில் ஆள் பிடித்து வேலை வாங்கிய மனுசன். "நெல்லு வெட்ட வாறவன் எனக்குக் காசு தருவானா மனே?" என்று மட்டும் கேட்டார். உறுதி திரும்ப அலுமாரிக்குள் போனது. அன்றிலிருந்து அவரோடு மூன்று நாள் கதைக்கவில்லை நான்.

சரி, வேறு வழி? பயிற்றுநராவதுதான். அதே இரத்மலானையில், அதே 152இல், வலது பக்க இருக்கையில். பெடியங்கள் துள்ளத் துள்ள இறக்குவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தொடைக்குக் கீழே வைத்திருப்பேன். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி. ஆனால் மணித்தியாலம் ஏறியது, அதுவும் காசு வாங்கிக்கொண்டு ஏறியது. 2024இல் 640 ஆனபோது மாலைதீவில் ஒரு உள்நாட்டுச் சேவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. குறுக்குக்காற்றில் இறக்கிய அனுபவம் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். கச்சானைச் சொன்னேன், தயிரைச் சொல்லவில்லை.

இப்போது 50 இருக்கை டாஷ் 8இல் துணை விமானி. விமானத்துக்கான ரேட்டிங் செலவு நிறுவனத்தின் கணக்கு, அதற்குப் பதிலாக மூன்று வருசம் கட்டுப்பாடு. மாலேயிலிருந்து தாரவந்தூத் தீவுக்கு 20 நிமிசம்தான், சீட்பெல்ட் விளக்கு அணைந்து எரிய முன் இறங்கத் தொடங்கிவிடுவோம். ஒரு நாளில் ஆறு தரம் இறக்குவேன். மணித்தியாலம் ஆமை மாதிரித்தான் ஏறும், கை மட்டும் நன்றாகப் பழகும். 1,500 வந்தால் ஏ.டி.பி.எல். லைசென்சுக்குப் போகலாம். அது இல்லாமல் கப்டன் இருக்கையில் இருக்க முடியாது. ஜெட் நிறுவனங்கள் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் ஆள் அள்ளும். அதனால் மேலே இருப்பவர்கள் போகப் போகக் கீழே இருப்பவர் நகர்வார். என்னோடு சி.பி.எல். எடுத்த ஐந்து பேரில் பறப்பது நாங்கள் இருவர். ஒருவன் வங்கியில், ஒருவன் கட்டாரில் விமான நிலைய மேடையில் சாமான் ஏற்றுகிறான், ஒருத்தி கலியாணம் முடித்துப் படிப்பிக்கிறா.

கல்முனை அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் கண்ணைச் சோதியுங்கள், பிறகு லைசென்சுக்கான காசோடு அடுத்த மூன்று வருசச் சாப்பாட்டுக் காசையும் சேர்த்து எண்ணுங்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா தம்பி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கன்" என்றார்.

லீவுக்கு மாலேயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து மட்டக்களப்புக்கு விமான டிக்கெட் எடுக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை, இரவு ரயில்தான். விடியக்காலை ஸ்டேசனில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நிற்பார். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டே கேட்பார்:

"இப்ப எத்தன, மனே?"

போன தரம் 1,410 என்றேன். "இன்னும் 90" என்றார், ஸ்டார்ட் பண்ணினார்.