மூவாயிரம் ரூபாவும் ஒரு குட்டிப் போர்வையும்

2024 ஜனவரி 6, சனி
மாங்குளம்

தங்கச்சிக்குப் பங்குனிக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பழைய சேலைத் துண்டுகளை ஒட்டி ஒரு சின்னப் போர்வை தைத்துக் கொடுப்பதென்று நானும் மச்சாளும் முடிவெடுத்துவிட்டோம். குவில்ட் என்று யூடியூப்பில் காட்டுகிறார்களே, அதுதான். முழுக்கக் கையால். வீட்டில் மெசின் இல்லை. அம்மாவின் சிங்கர் மெசினை 2009இல் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு பை சேலையும் ஓர் ஊசிப் பேணியும்தான் மிஞ்சின. அந்தச் சேலைகளில் இரண்டைத்தான் அம்மா இப்போது வெட்டத் தந்திருக்கிறார்.

கையில் 3,000 ரூபா இருக்கிறது. அருவி வெட்டு முடிந்து நெல் விற்கும்வரை அவ்வளவுதான்.

இரவு பட்டியல் எழுதினோம். வீடியோக்களில் எல்லாரும் ஒரு சுற்றுக் கத்தியை உருட்டி உருட்டி வெட்டுகிறார்கள். மச்சாளுக்கு அதில் ஆசை. ஆனால் கத்தியை மட்டும் வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. கீழே விரிக்க அதற்கென்று ஒரு பாய் வேண்டும், இல்லாவிட்டால் அலகு மழுங்கிவிடும். பிடித்து வெட்டத் தடித்த அடிமட்டமும் வேண்டும். மூன்றையும் வாங்கினால் ஊசிக்குக்கூடக் காசு மிஞ்சாது. அந்தக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்ததே 1979இல்தான். அதற்கு முன் தைத்த போர்வைகளுக்குத் துணி வெட்டியது கத்திரிக்கோல். எங்களுக்கும் அது போதும்.

ஜனவரி 9, செவ்வாய்

கிளிநொச்சிக்குப் போய் வந்தோம். முறிகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டோம்.

காசில் பாதிக்கு மேல் கத்திரிக்கோலுக்கே போய்விட்டது. அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. பழைய சேலைத் துண்டொன்றைக் கைப்பையில் கொண்டு போயிருந்தேன். கடைக்காரரிடம் கேட்டு, அதை இரண்டாக மடித்து, கத்திரிக்கோலின் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டாக வெட்டிப் பார்த்தேன். முதலாவது கத்திரிக்கோல் நடுவில் நன்றாக ஓடியது. நுனிக்கு வந்ததும் துணியை மென்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கடைசி நூல்வரை சத்தமில்லாமல் பிரிந்தது. நுனி வெட்டாத கத்திரிக்கோல் சதுரத்தின் மூலைகளைக் கெடுத்துவிடும், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஊசி இரண்டு பைக்கற். குவில்ட்டுக்கென்றே வரும் கட்டை ஊசி கிடைக்கவில்லை. சாதாரணக் கைத்தையல் ஊசியில் 8, 9 இலக்கம் எடுத்தேன். ஊசியில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிதாகும். 10க்கு மேல் போனால் எனக்கு நூல் கோக்கக் கண் பிடிக்காது. பருத்தி நூல் இரண்டு கட்டை, குண்டூசி ஒரு பெட்டி. அளவு நாடா வாங்கவில்லை. மச்சாளிடம் ஒன்று இருக்கிறது, அந்தக் காசை மிச்சம் பிடித்தோம்.

கத்திரிக்கோலின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டேன். கடதாசி வெட்ட இதை எடுக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. கடதாசி வெட்டினால் கூர் போய்விடும்.

ஜனவரி 12, வெள்ளி

துணிகளைத் தனித்தனியாக ஊறவைத்தேன். சிவப்புக் கரை போட்ட சேலையின் வாளித் தண்ணீர் மூன்று தரம் மாற்றியும் ரோசா நிறமாகவே வந்தது. நாலாம் தரம்தான் தெளிந்தது. ஊறவைக்காமல் சேர்த்துத் தைத்திருந்தால் பிள்ளையின் முதல் ஈரத்திலேயே வெள்ளைத் துண்டில் சாயம் ஏறியிருக்கும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஊசி எடுக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

மனம் சரியில்லை.

எட்டுக்குப் பத்து, 80 சதுரம் என்பது கணக்கு. ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை மிஞ்சும். போர்வை 36க்கு 45 அங்குலம் வரும். நான் மகனின் அடிமட்டத்தால் அளந்து 40 வெட்டினேன். மச்சாள் தன் நாடாவால் அளந்து 40 வெட்டினார். ஆளுக்கொரு வரிசையாகப் பத்துப் பத்துச் சதுரம் தைத்து, இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடையது ஓர் அங்குலம் நீளம்.

"நான் அளந்துதானே வெட்டினனான், மச்சாள்" என்று அவர் கண் கலங்கிவிட்டார்.

நாடாவை அடிமட்டத்தின் மேல் நீட்டி வைத்தேன். நாடாவின் பன்னிரண்டு, அடிமட்டத்தின் பன்னிரண்டைத் தாண்டி இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தள்ளி நின்றது. வருடக்கணக்காக இழுபட்டு நாடா நீண்டிருக்கிறது. ஒரு சதுரத்தில் பார்த்தால் ஒரு நூல்கூட வராது, கண்ணுக்கும் தெரியாது. பத்துச் சதுரம் சேரும்போது ஓர் அங்குலம். மிச்சம் பிடித்த காசுக்கு இரண்டு பேரின் மூன்று இரவு போய்விட்டது.

பிளேட்டால் தையல் பிரித்தேன். ஒரு சதுரத்தில் கீறலும் விழுந்தது, அம்மாவின் நீலச் சேலையில். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சேலையில் இன்னொரு துண்டைத் தானே எடுத்துத் தந்தார்.

ஜனவரி 23, செவ்வாய்

சந்தியில் ஓர் இரும்பு அடிமட்டமும் தையல் பிரிக்கிற சின்னக் கவட்டு ஊசியும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு பெரிதில்லை. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியவை.

வழியும் பிடிபட்டுவிட்டது. வெட்டின ஓரத்தை நம்பித் தைக்காமல், தைக்கும் கோட்டைத் துணியின் பின்பக்கம் கீறிவிட வேண்டும். அதற்கு நாலரை அங்குல அச்சு ஒன்று வேண்டும். மட்டையில் வெட்டினால் நாலைந்து தரம் கீறியதும் மூலை உருண்டுவிடும். அம்மாவின் முழங்காலுக்கு எடுத்த பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டினோம். மூலை தேயாது, கீழே துணியின் பூவும் தெரியும். துணி நழுவாமல் இருக்க அடியில் ஒரு சாண்ட்பேப்பர். வெளிர் துணிக்குப் பென்சில், கடும் நிறத்துக்குத் தேய்ந்த சவர்க்காரத் துண்டு. சவர்க்காரக் கோடு கழுவினால் போய்விடும். பேனையைத் தொடவே வேண்டாம், மை ஊறும்.

மச்சாள் வெட்டிய பெரிய சதுரங்களும் வீணாகவில்லை. கோடு சரியாக இருந்தால் ஓரம் கூடிக் குறைந்தாலும் காரியமில்லை. கோட்டின் இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, மறுபக்கத் துண்டின் கோட்டிலும் அதே இடத்தில் வெளியே வருகிறதா என்று பார்த்துத் தைக்கிறோம். இன்று சேர்த்த நாலு மூலைகளும் ஒரே புள்ளியில் வந்து நின்றன. மச்சாள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

நூல் முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது. அம்மாதான் சொன்னார்: "ஒரு முழத்துக்கு மேல நூல் வெட்டாத. மெழுகு பூசு." காட்டுத்தேன் எடுக்கும் பக்கத்து வீட்டு ஐயாவிடம் தேன் பிழிந்த வதை கேட்டு வாங்கி, பழைய பேணியில் போட்டுச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கி, துணியில் வடித்தேன். மஞ்சளாக ஒரு கட்டி. நூலை அதில் ஒருதரம் இழுத்து, இரு விரலுக்கிடையில் உருவிவிட்டால் முறுக்கிக்கொள்வதில்லை. ஊசிக் கண்ணிலும் சட்டென்று நுழைகிறது. மெழுகுதிரி மெழுகு வேண்டாம், கறை விழும். கடைக்குப் போகாமல் கிடைத்த சாமானில் இதைவிட நல்லது வேறில்லை.

பெப்ரவரி 4, ஞாயிறு

மேல்பக்கம் முடிந்தது. நடுவில் வைக்கப் பஞ்சு வாங்கவில்லை. வங்காளத்தில் தைக்கும் கந்தா என்ற போர்வையில் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள். நாங்கள் தேய்ந்த பருத்திப் படுக்கை விரிப்பை வைத்தோம். எங்கள் வெயிலுக்கு அந்தக் கனம் போதும். சீமெந்துத் தரையில் மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைக்கு அம்மிக்குழவியும் தேங்காயும் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாலு விரல் நீளத் தையலாகப் போட்டோம். இதெல்லாம் பிறகு உருவி எடுக்கிற தையல். அடுக்குகளைப் பிடித்து வைக்கச் சேஃப்டி பின்கள் வாங்கும் காசு மிச்சம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

மூன்று அடுக்கிலும் ஊசியைத் தள்ளித் தள்ளி நடுவிரல் நுனி புண்ணாகிவிட்டது. மீதிக் காசில் விரல் நுனியில் மாட்டும் திம்பிள் ஒன்று வாங்கினேன். முதலில் பெரிதாக எடுத்து, திருப்பிக் கொடுத்து மாற்றினேன். கையைக் கீழே தொங்கப்போட்டு உதறினாலும் கழராதது சரியான அளவு. இரண்டு நாள் அது விரலில் கல்லுப்போல இருந்தது. இன்று மாலை அது இருப்பதே மறந்துபோய்ச் சோறு பிசையப் போனேன்.

துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டம் வாங்கவில்லை, மடியில் போட்டே தைக்கிறோம். முதலில் அங்குலத்துக்கு நாலு தையல் வந்தது, இன்று ஆறு. மச்சாளுக்கு ஏழு.

மிச்சம் 140 ரூபா. ஓரம் கட்ட நீலச் சேலையின் கரை இருக்கிறது. 9ஆம் இலக்க ஊசிகளில் இரண்டு வளைந்துவிட்டன, நாளைக்குச் சந்திக்குப் போனால் இன்னொரு பைக்கற் எடுக்க வேண்டும்.