ஈரக் குமிழ், உலர் குமிழ்: ஆல்புகெர்க்கியின் பருவங்களை அளந்து பார்த்த அனுபவம்

நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சாண்டியா மலை 3,255 மீட்டர் வரை எழுந்து நிற்கிறது. நகரத்தின் நடுவே ரியோ கிராண்டே ஆறு ஓடுகிறது. வருடம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 225 மில்லிமீட்டரைச் சுற்றித்தான்.

இங்கே வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. 35 டிகிரி அடிக்கும் ஜூன் மதியத்தில் நிழலில் நின்றால் சட்டை நனைவதில்லை. 32 டிகிரிதான் இருக்கும் ஆகஸ்டு மாலையில் வீட்டுக்குள் புழுங்குகிறது. காற்றில் இருக்கும் ஈரம்தான் இந்த ஊரின் பருவங்களைப் பிரிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சரி, அதை நாமே அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

பள்ளிப் புத்தகத்தில் வரும் ஈர உலர் குமிழ் ஈரமானிதான் கருவி. ஒரே மாதிரியான இரண்டு தெர்மாமீட்டர்கள் வேண்டும். ஒன்றின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட வேண்டும். திரியின் தண்ணீர் ஆவியாகும்போது அந்த ஈரக் குமிழ் குளிர்கிறது; காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அது உலர் குமிழைவிடக் கீழே நிற்கும். திரிக்குக் காட்டன் ஷூ லேஸ் போதும். ஆனால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசினால்தான் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போய்த் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். குழாய்த் தண்ணீரின் உப்பு திரியில் படியும் என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பழைய கணினியின் சின்ன மின்விசிறி ஒன்று திரியின் மேல் காற்று வீசுகிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி நிழற்கூடாக்கி, வீட்டின் வடக்குப் பக்கத்தில் நெஞ்சு உயரத்தில் மாட்டினேன். இந்த உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை. பிளாஸ்டிக் தட்டு சீக்கிரம் நொறுங்கிவிடும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

உயரமான ஊரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ஈரப்பத அட்டவணை பெரும்பாலும் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்துக்குப் போட்டது, அதாவது 1,013 ஹெக்டோபாஸ்கல். இங்கே அழுத்தம் 835 அளவில்தான். கணக்கில் அழுத்தம் நேரடியாக வருவதால் விடை மாறிவிடும். உலர் குமிழ் 35, ஈரக் குமிழ் 15 என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டக் கணக்கில் ஈரப்பதம் 6 அல்லது 7 சதவீதம் வரும். இந்த ஊர் அழுத்தத்தைப் போட்டால் 11 சதவீதத்தை ஒட்டி வரும். பாலைவனத்தில் இது பெரிய வித்தியாசம். அதனால் எனக்கென்று தனி அட்டவணை போட்டு நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

கூடவே கோகோராஸ் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் மழைமானி ஒன்றும் வாங்கினேன். 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வந்த திடீர் வெள்ளத்துக்குப் பிறகு, 1998இல் தொடங்கிய மழை அளவீட்டு வலையமைப்பு அது. நான்கு அங்குல வாய், உள்ளே ஒல்லியான குழாய். விழுந்த மழை குழாய்க்குள் பத்து மடங்கு உயரமாகத் தெரியும். தினமும் காலை ஏழு மணியளவில் பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்ஜியம் என்று பதிவதும் அவர்களுக்குத் தேவை. காலியாக விட்டால் மழை பெய்யவில்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் என் நோட்டில் பூஜ்ஜியங்கள்தான் அதிகம். அவற்றையும் மனம் ஒன்றித்தான் எழுதுகிறேன்.

மார்ச் – மே

காற்றுக் காலம். தரை சூடாகச் சூடாக மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலக்கிறது. மதியத்துக்கு மேல் புழுதி எழுந்து மலையே மங்கிவிடும். வெளியே 22 டிகிரி இருக்கும்போது ஈரக் குமிழ் எட்டுக்குப் போய்விடும். திரியில் மண் படிகிறது, அடிக்கடி மாற்றினேன். மே முடிவில் ஆற்றோரத்து காட்டன்வுட் மரங்களின் பஞ்சு பறந்து வந்து மழைமானியின் புனலை அடைக்கும். அதையும் துடைக்க வேண்டும்.

ஜூன்

வருடத்திலேயே இரண்டு தெர்மாமீட்டர்களும் அதிகம் விலகி நிற்கும் மாதம். நகரத்தின் அதிகபட்ச வெப்பப் பதிவும் ஜூனில்தான்: 1994 ஜூன் 26 அன்று 41.7 டிகிரி. மதியம் 35, ஈரக் குமிழ் 15 என்பதெல்லாம் சாதாரணம். பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்.

இங்கே நிறைய வீட்டுக் கூரைகளில் ஸ்வாம்ப் கூலர் இருக்கிறது. நம் ஏர் கூலரின் பெரிய வடிவம்தான். ஆஸ்பென் மரச் சீவல் அடைத்த பேடில் தண்ணீர் ஓடும், அதன் வழியே காற்று உள்ளே வரும். கூலர் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அந்த 20 டிகிரி இடைவெளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் கூலர் இறக்கிவிடுகிறது: வெளியே 35, உள்ளே வரும் காற்று 19. இதற்குச் செலவாவது ஒரு மின்விசிறியும் ஒரு சின்ன பம்பும் இழுக்கும் மின்சாரமும் கொஞ்சம் தண்ணீரும்தான்.

ஜூலை, ஆகஸ்டு

நான் ஆவலோடு காத்திருக்கும் காலம் இது. தென்மேற்கு அமெரிக்காவின் பருவமழை. மேல்வளிமண்டல உயர் அழுத்தம் இடம் மாறி, மெக்சிகோ பக்கமிருந்து ஈரக்காற்றை இழுத்து வருகிறது. அரிசோனாவில் முன்பெல்லாம் பனிநிலையின் தினசரிச் சராசரி மூன்று நாள் தொடர்ந்து ஓர் அளவைத் தாண்டினால் பருவமழை தொடங்கியதாகச் சொல்வார்கள். ஃபீனிக்ஸுக்கு அந்த அளவு 12.8 டிகிரி. 2008இலிருந்து ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று தேதியாக மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய முறைதான் பிடிக்கிறது. இந்த ஊரில் ஜூன் 15 பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். பருவம் மாறும் நாளைத் திரி சுற்றிய தெர்மாமீட்டர்தான் சரியாகச் சொல்கிறது.

முதல் மேகங்கள் ஏமாற்றும். அடியில் சாம்பல் நிறத் திரை தொங்கும், ஆனால் தரையைத் தொடாது. விழும் மழை வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிடுகிறது. விர்கா என்பார்கள். ஆனால் அந்த மழை வீணாவதில்லை. ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, கீழே சரிந்து, தரையில் அடித்துப் பரவுகிறது. அப்படி ஒரு காற்று என் நிழற்கூட்டைத் தாக்கியபோது பக்கத்திலேயே நின்றிருந்தேன். உலர் குமிழ் சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல் விழுந்தது. ஈரக் குமிழ் அவ்வளவாக அசையவில்லை. கூலர் பேடில் நடக்கும் அதே வேலை, மேகத்துக்கும் தரைக்கும் நடுவே நடந்திருக்கிறது. இந்த வேலையைத் தொடங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். அன்று மழைமானியில் நாலு துளி. 'ட்ரேஸ்', அதாவது அளக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம், என்று எழுதினேன்.

பிறகு பனிநிலை 16, 17 என்று ஏறியதும் மழை நிஜமாகவே இறங்கியது. அதுவும் தெருவுக்குத் தெரு வேறு. மலையடிவாரத்தில் கொட்டும்போது ஆற்றுப்பக்கம் வெயில் அடிக்கும். மேலே பெய்த தண்ணீர் அர்ரோயோ என்னும் வெள்ள வடிகால்களில் சீறி இறங்கும். தலைக்கு மேல் மேகமே இல்லாவிட்டாலும் வடிகாலுக்குள் பிள்ளைகளை விடக் கூடாது என்று ஊரே எச்சரிப்பது இதனால்தான். இப்போது கூலர் பாதி பலம்தான் காட்டுகிறது: வெளியே 32, ஈரக் குமிழ் 21, உள்ளே வருவது 23. குளிர்ச்சி குறைவு, ஈரம் அதிகம். ஆகஸ்டுப் புழுக்கத்துக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அக்டோபர்

வானம் தெளிந்து, காற்று மறுபடி காய்ந்துவிட்டது. இரவில் தரையின் சூடு தடையில்லாமல் வெளியேறுவதால் அதிகாலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி ஆற்றோடு தெற்கே வடிகிறது. அதற்கு மேலே தெற்கிலிருந்து வடக்கே காற்று போகும். வெப்பக்காற்றுப் பலூன்காரர்கள் இதை 'ஆல்புகெர்க்கி பாக்ஸ்' என்கிறார்கள். கீழே தெற்காகப் போய், மேலே ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். 1972இல் 13 பலூன்களோடு தொடங்கிய பலூன் திருவிழா இந்த மாதத்தில் நடப்பதற்கு இந்தக் காற்று பெரிய பலம்.

டிசம்பருக்குப் பிறகு

பனி விழும் என்றால் மழைமானியின் புனலையும் உள்குழாயையும் கழற்றிவிட்டு வெளிக்குழாயை மட்டும் வைக்க வேண்டும். விழுந்த பனியை, அளந்த வெந்நீர் ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்தால் நீர் அளவு கிடைக்கும். தரையில் விழும் பனி பெரும்பாலும் மதியத்துக்குள் போய்விடுகிறது. கொஞ்சம் உருகாமலேயே ஆவியாகிறது.

ஈரக் குமிழுக்குத்தான் குளிர்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் திரித் தண்ணீர் சில சமயம் உறையாமல் நிற்கும். அப்போது எடுக்கும் அளவும், உறைந்த பின் எடுக்கும் அளவும் வேறு. ஒரு துணுக்குப் பனிக்கட்டியால் திரியைத் தொட்டால் உடனே உறையும். பிறகு குமிழ் நிலைபெறும்வரை காத்திருந்து, பனிக்கட்டிக்கான கணக்கைப் போட வேண்டும். விடியற்காலை உலர் குமிழ் மைனஸ் 4, மற்றது மைனஸ் 6. ஜூனில் 20 டிகிரி விலகி நின்றவை இப்போது 2 டிகிரிக்குள்.

அடுத்த வேலை, ஆற்றோரத்து வடக்குப் பள்ளத்தாக்கில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் இதேபோல் இன்னொரு ஜோடியை மாட்டுவது. அங்கே என் தெருவைவிட உறைபனி முன்னதாகவே வந்துவிடுகிறது. எத்தனை டிகிரி வித்தியாசத்தில் என்று அளக்க வேண்டும். தட்டுகள் வாங்கியாயிற்று, லேஸ் சோடா நீரில் கொதித்துக்கொண்டிருக்கிறது.