எழுபது வயதில் எத்தனை கட்டை?

வயதான ராக் பாடகர்கள் இன்னும் மேடை ஏற வேண்டுமா, கௌரவமாக ஒதுங்கிவிட வேண்டுமா என்ற சண்டை எங்கள் காரைக்குடிக் கூட்டத்தில் ரொம்ப நாளாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செக்காலைப் பக்கம் என் வீட்டில் கூடுகிறோம். சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். அவர் எங்கள் எல்லோருக்கும் ‘சார்’. கிட்டார் வாசிக்கிற கல்லூரிப் பையன் ஒருவன் வருவான். அவனுடைய வாதம் ஒற்றை வரிதான்: “அண்ணே, பாட முடியலைன்னா பாடக் கூடாது. நாங்க பழைய ரெக்கார்டைக் கேட்டுக்குறோம்.” சார் அதற்கு நேர் எதிர். 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தபோது நேரில் போய்ப் பார்த்தவர். அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது அறுபதாகச் சில மாதங்கள்தான் பாக்கி. அவர் இன்னும் மேடையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். 2019இல் இதய வால்வுக்குச் சிகிச்சை செய்துகொண்டு, இரண்டு மூன்று மாதத்தில் சிகாகோவில் மேடை ஏறிவிட்டார். “அவரை ஒதுங்கச் சொல்ல நீ யாருப்பா?” என்பார் சார்.

இப்படியே பேசிக்கொண்டிருந்தால் விடியாது என்று, காதால் கேட்டே தீர்த்துக்கொள்வோம் என இறங்கினோம். ஒரே பாடகர், ஒரே பாட்டு, பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு மேடைப் பதிவுகள். ஸ்டுடியோ பதிவு கிடையாது, படம் கிடையாது, ஒலி மட்டும். சுருதி எங்கே இருக்கிறது, மேல் ஸ்தாயியை யார் பாடுகிறார், வரியின் கடைசியில் மூச்சு என்ன ஆகிறது என்ற மூன்றை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வது.

சுருதியைக் கட்டைக் கணக்கிலேயே குறித்தேன்: ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் ஸி ஒன்று, டி இரண்டு என்று எண்ணிப் போனால் ஏ ஆறு. நமக்குக் கை வந்த கணக்கு அதுதானே. முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில் வாங்கிய ஆர்மோனியம் ஒன்று வீட்டில் இருக்கிறது. சார் அதைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்து, நடு ஸ்தாயி சுத்தமாக இருக்கிறது என்று சான்று கொடுத்தார்.

பழைய பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. ரசிகர்கள் கூட்டத்தில் நின்று கேசட்டில் பிடித்தவை பல. நாடாவின் வேகம் கொஞ்சம் கூடியிருந்தால் சுருதியும் கூடிவிடும். அதை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்தில் அரைக் கட்டை மேலே பாடினார்’ என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. இதற்குச் சார் ஒரு வழி சொன்னார். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலில் மின்சாரத்தின் ரீங்காரம் கலந்திருக்கும். இங்கிலாந்தில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. பாட்டுக்கு நடுவே அமைதியான இடத்தைப் பிடித்து அந்த ரீங்காரத்தை அளந்தால் நாடா சரியான வேகத்தில் ஓடியதா என்று தெரிந்துவிடும். ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளே ஒசாகாவில் 60, டோக்கியோவில் 50. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு 1972இல் இந்த இரண்டு ஊர்களிலும் பதிவு செய்ததுதான் ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பம் என்று நான் சொன்னதும் சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கேட்கிற இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் ஸ்பீக்கரை வீட்டு முற்றமான வளவில் வைத்தோம். கல் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர். ஓசை எங்கும் தங்காமல் திரும்பித் திரும்பி வந்தது. கேட்க அழகாக இருக்கும், எந்தக் குரலுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடும். ஆனால் எங்களுக்கு வேண்டியது வரியின் கடைசி அரை நொடி. அங்கேதான் வயது தெரிகிறது. எதிரொலி அதை மூடிவிட்டது. ஆகவே வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும் சின்ன அறைக்குப் போனோம். தரையில் ஜமக்காளம் விரித்து, பழைய மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திய பிறகு குரல் மட்டும் தனியாக வந்து நின்றது.

முதலில் எடுத்தது லெட் செப்பலின் குழு. அதன் பாடகர் ராபர்ட் பிளாண்ட் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடிய 1973 நியூயார்க் மேடை ஒரு பக்கம், 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் மீண்டும் கூடிப் பாடியது இன்னொரு பக்கம். 1973இல் ஆறு கட்டை. 2007இல் ஐந்து. பிளாண்டுக்கு அப்போது 59 வயது. பையன் உடனே துள்ளினான்: “பாத்தீங்களா அண்ணே, இறக்கிட்டாங்க!”

இறக்கினார்கள்தான். ஆனால் ராக் இசையில் சுருதி இறக்குவது என்ன வேலை என்பதை அவனையே செய்து பார்க்கச் சொன்னேன். நம் கச்சேரியில் பாடகர் அரைக் கட்டை இறக்கினால் தம்புராவைக் கூட்டி, வயலினைச் சரி செய்து, அந்தச் சுருதிக்கு ஏற்ற மிருதங்கத்தை எடுத்துக்கொண்டால் போதும். கிட்டாரில் அப்படி இல்லை. முக்கால்வாசி ராக் பாட்டுகளின் உயிர் விரல் வைக்காமல் மீட்டுகிற திறந்த தந்திகளில் இருக்கிறது. விரலை இரண்டு கட்டம் தள்ளி வைத்தால் ஸ்வரம் சரியாக வரும், அந்த முழக்கம் வராது. அதனால் தந்திகளையே தளர்த்த வேண்டும். பையன் தன் கிட்டாரை அங்கேயே ஒரு முழு ஸ்வரம் இறக்கினான். தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் இடித்து இரைந்தது. தடித்த தந்தி மாற்றினால்தான் சரிவரும் என்று அவனே சொன்னான். அப்புறம் அதே இறக்கிய கிட்டாரில் மெதுவாக மீட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா கனமா இருக்குண்ணே” என்றான். 2007 பதிவில் இருப்பதும் அந்தக் கனம்தான். பாடகரின் தொண்டைக்காக மொத்தக் குழுவும் தன் ஒலியை மாற்றிக்கொண்டது. அதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சியையும் ஒரு நாள் கூப்பிட்டோம். சின்ன வயதில் வீணை படித்தவர். காரைக்குடிச் சகோதரர்களின் வீணையைப் பற்றிப் பேசினால் சாம்பசிவ ஐயரின் வாசிப்பை மணிக்கணக்காகச் சொல்வார். ராக் பாட்டு அவருக்குச் சுத்தமாகப் பழக்கம் இல்லை, அதனால்தான் கூப்பிட்டோம். யார், எந்த வருடம் என்று ஒன்றும் சொல்லாமல் பிளாண்டின் இரண்டு பதிவுகளையும் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு பேர் பாடுவதாகவே நினைத்துக்கொண்டார்.

“முதல்ல பாடுற தம்பி தொண்டையக் காட்டுறாரு. ரெண்டாவது தம்பி பாட்டப் பாடுறாரு.”

இரண்டாவதுதான் 2007. இருவரும் ஒரே ஆள் என்று சொன்னபோது ஆச்சி ஆச்சரியப்படவில்லை. “செம்மங்குடிக்கும் அப்படித்தானப்பா. வயசானப்புறம் குரல்ல என்ன இருந்துச்சு? ஆனா எங்க விடணும், எங்க புடிக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு” என்றார். 1908இல் பிறந்து 2003 வரை இருந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். அந்தத் தலைமுறை ரசிகர்கள் சுருதி இறங்கியதைப் பற்றிப் புகார் சொன்னதாக ஆச்சி நினைவிலேயே இல்லை.

வயதானால் குரலுக்கு என்ன ஆகிறது என்பதைச் சார் படித்து வந்து விளக்கினார். குரல்நாண்கள் மெலிகின்றன. இரண்டும் முழுசாக ஒட்டி மூடாமல் நடுவே இடுக்கு விழுகிறது. அந்த இடுக்கில் காற்று ஒழுகுவதால் ஒரே மூச்சில் பாட முடிந்த வரி இரண்டாக உடைகிறது. நெஞ்சுக்கூடும் முன்போல விரிவதில்லை. மேல் ஸ்தாயிக்கு நாண்கள் இழுபட்டு இறுக்கமாக மூட வேண்டும், ஆகவே முதலில் போவது அதுதான். ஜான் பான் ஜோவிக்கு நடந்தது இதுவே. ஒரு பக்கத்துக் குரல்நாண் மெலிந்துபோய் 2022இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை அவரே வெளிப்படையாகப் பேசினார். அவருடைய பேர்போன ‘லிவின் ஆன் எ பிரேயர்’ 1986இல் மூன்று கட்டையில் தொடங்கி, கடைசிப் பல்லவியில் ஐந்து கட்டைக்குத் தாவும். இருபத்துநாலு வயதுத் தொண்டைக்குப் போட்ட தாவல். அதை அறுபது வயதில் அதே உயரத்தில் கேட்டு, வராதபோது ஏசுகிறவர்கள் ஒரு தடவையாவது ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பார்க்கட்டும்.

பால் மெக்கார்ட்னி இதற்கு நேர்மாறு. 2022 ஜூனில், எண்பது நிறைந்த அதே மாதத்தில், கிளாஸ்டன்பரியில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நின்று பாடினார். நாங்கள் சோதித்த பாட்டுகளில் சுருதி பழையபடியே இருந்தது. கிட்டாரையும் இறக்கவில்லை, பியானோவையும் மாற்றவில்லை. குரல்தான் மேலே போகும்போது மெலிந்து நடுங்குகிறது. நீளமான ஸ்வரங்களைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார். சாருக்கு இது வீரம். பையனுக்கும் பிடித்துவிட்டது. எனக்கென்னவோ அரைக் கட்டை இறக்கியிருந்தால் அந்த மெல்லிய பாட்டுகள் இன்னும் நின்றிருக்கும் என்று தோன்றுகிறது. இதில் நான் மட்டும் தனி.

எல்டன் ஜானுக்கு வந்தது வயதுக்கு முன்பே. 1987இல் தொண்டையில் அறுவை சிகிச்சை, அதோடு பழைய உச்சக் குரல் போயிற்று. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கனத்த குரலிலேயே பாடி, 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடித்தார். அவருடைய பிற்காலப் பதிவுகளைக் கேட்டால் உச்சத்துக்கு ஏறிய இடங்களில் மெட்டையே கொஞ்சம் வளைத்திருப்பது தெரியும். அந்த வளைவுகள் தனியாகப் படிக்க வேண்டியவை.

டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் எடுத்த முடிவு வேறு. ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் அலறலைக் கேட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன். ஒசாகாவில் 26 வயதில் பாடியது. இருபது வருடங்களுக்கும் மேலாக அதை அவர் மேடையில் எடுப்பதில்லை. மற்ற பாட்டுகளைப் பாடுகிறார், இதை விட்டுவிட்டார். பையனின் ‘பாட முடியலைன்னா பாடக் கூடாது’ என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் இல்லை, அவனிடமும் சொன்னேன். மேடையிலிருந்து இறங்காமலேயே அதைச் செய்யலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நாங்கள் ஒன்றுபட்ட இடமும் உண்டு. முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பதை யாரும் ஏற்கவில்லை. பின்பாட்டுக்காரர்கள் மேல் ஸ்தாயியைத் தாங்குவது சரி. ரசிகர்களைப் பாட விடுவதும் சரி. ஃபில் காலின்ஸ் மாதிரி உட்கார்ந்துகொண்டு பாடி, டிரம்ஸை மகன் நிக்கிடம் கொடுப்பதும் சரி. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் ஓஸி ஆஸ்பர்ன் சிம்மாசனத்தில் அமர்ந்தபடியே பாடினார். பார்க்கின்சன் நோய், நடக்க முடியாத உடல். அந்த மாதமே 22ஆம் தேதி காலமானார். அந்தப் பதிவைக் கேட்ட சாயங்காலம் நோட்டில் கட்டைக் கணக்கு எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பையன் கட்சி மாறிவிடவில்லை. நுழைவுச்சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், கேட்கிறவனுக்கு எதிர்பார்ப்பு இருக்காதா என்கிறான். நியாயமான கேள்வி. என் பதில்: எதிர்பார்ப்பதை 1973இன் உச்ச ஸ்வரத்தில் வைக்காதே, இன்றைக்கு அந்த ஆள் வரியை எங்கே உடைத்து எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதில் வை. ஜாகரும் நம் இளையராஜாவும் 1943இல் பிறந்தவர்கள். ராஜாவின் மேடையில் நாம் எதைக் கேட்கப் போகிறோமோ அதே காதை இங்கேயும் கொண்டுபோனால் போதும்.

அடுத்து டிரம்ஸ். தொண்டையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். டீப் பர்ப்பிளில் தொடக்கம் முதல் இன்று வரை இருக்கும் ஒரே ஆள் இயன் பேஸ். 1948இல் பிறந்தவர், 2016இல் லேசான பக்கவாதம் வந்து மீண்டு திரும்பவும் வாசிக்கிறார். 1972 ஒசாகாவையும் அண்மைப் பதிவு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலப்பிரமாணம் எங்கே இறங்குகிறது, இடது கை எங்கே ஓய்வெடுக்கிறது என்று குறிக்க வேண்டும். ஆச்சி தாளம் போட வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒசாகாப் பதிவை முதலில் 60 ஹெர்ட்ஸில் சரிபார்த்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பது சாரின் நிபந்தனை.