முன்வரிசை நாற்காலி

பாட்டிக்கு 90 வயது நிறைந்ததைக் கொண்டாட, போன ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதும் ஒரே கூடத்தில் கூடியது. மொத்தம் 62 பேர். எண்ணியது நான்தான். உட்கார்ந்த இடத்தைவிட்டு அதிகம் நகராதவளுக்கு எண்ணுவதற்கு நேரம் நிறையவே இருந்தது.

எனக்கு வயது 38. பத்து ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். பாதிப் பெயர்தான் அது. மூளையிலும் பார்வை நரம்பிலும் நடக்கிற வம்பு அந்தப் பெயரில் இல்லை. நரம்பிழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்புறை போர்த்தியிருக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே அதை அரித்துவிடுகின்றன. அரித்த இடம் தழும்பேறித் தடித்துப்போகிறது. 1868-இல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் விவரித்து எழுதியது இந்தத் தழும்புகளைத்தான். என்னுடையவை எம்ஆர்ஐ படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. அந்தப் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போக முடியாதே. பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் படுவது, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற ஒருத்தியும் அவள் கையில் ஓர் அலுமினியக் கைத்தடியும்தான். உட்கார்ந்துவிட்டால் அதுவும் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறாய்!" என்று சொல்லிவிடுகிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும், எதையோ பொய் சொல்லிப் பிடிபட்டவள் போல எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கான செலவு வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. இரண்டு நாட்களும் நான் துணி துவைக்கவில்லை, வீடு பெருக்கவில்லை, தோழியின் தொலைபேசி அழைப்பைக்கூட எடுக்கவில்லை. பேசுவதும் களைப்புதான். கூடத்தைப் பிடித்தவன் என் அத்தை மகன். அவனிடம் எத்தனை படிகள், கழிவறை எந்தத் தளத்தில், ஏசி உண்டா என்று கேட்டேன். "எல்லாம் இருக்கிறது அக்கா" என்றான். பத்து ஆண்டுகளில் நான் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்ட ஒரு பதில் உண்டென்றால் அது இதுதான். ஒன்பது படிகள். கைப்பிடி இடப்பக்கம் மட்டும். கழிவறை கூடத்தின் மறுகோடியில்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த இந்த விதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, தடியை வலது கைக்கு மாற்றி, இடது கையால் கைப்பிடியைப் பற்றி ஒன்பதையும் ஏறி முடித்தேன். மேலே போய்த் தடியைத் திரும்ப இடது கைக்கு மாற்றியதுதான் தாமதம், வாசலில் நின்ற மாமா "வலது கால்தானே உனக்கு? தடியைத் தப்பான கையில் பிடித்திருக்கிறாயே" என்றார். தப்பில்லை. பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தடி இருக்க வேண்டும்; அந்தக் கால் தரையில் ஊன்றும்போது தடியும் கூடவே ஊன்ற வேண்டும். இதை நான் மாமாவிடம் விளக்கவில்லை. அன்று மட்டும் என்னை இப்படித் திருத்தியவர்கள் மூன்று பேர். மூன்று பேரிடமும் "அப்படியா, சரி" என்றேன். நின்றுகொண்டு விளக்கம் சொன்னால் கால் என்னோடு ஒத்துழைக்காது.

பதினொன்றரை மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்ததாக எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். பாட்டி நல்ல சிவப்பில் உடுத்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு வெளுத்து, பழைய செங்கல் நிறமாகிவிட்டது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன்: செங்கல். வலது கண்ணை மூடிப் பார்த்தேன்: சிவப்பு. என் நோய் முதன்முதலில் வந்து கதவைத் தட்டியது இந்த வலது கண்ணில்தான். உடல் சூடேறினால் அது இன்றும் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இல் இதைக் குறித்துவைத்தார். அவர் கண்டது உடலுழைப்புக்குப் பிறகு பார்வை மங்குவதை. காரணம் வெப்பம் என்பது பிறகுதான் தெரியவந்தது. உறை கழன்ற நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே போதும், வழியில் நின்றுவிடும். எம்ஆர்ஐ வராத காலத்தில், இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். நல்ல வேளை, நான் அதற்குப் பிறகு பிறந்தேன்.

இதில் புதிய சேதம் ஒன்றும் இல்லை, உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. பையில் கொண்டுபோயிருந்த ஈரத்துணியை எடுத்துப் பிடரியில் போட்டுக்கொண்டேன். "தலைவலியா?" என்றார் சித்தி. "ஆமாம் சித்தி" என்றேன். தலைவலி என்றால் எல்லோருக்கும் புரிகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த கால் மணி நேரம் என் பிழைப்பு அதிலேயே போயிருக்கும், போதாக்குறைக்கு யாரோ ஒருவருடைய மூலிகை வைத்தியமும் வந்து சேர்ந்திருக்கும்.

களைப்பைப் பற்றி ஒரு மாமாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "எனக்கும்தான் மத்தியானம் ஆனால் கண்ணைச் சொக்குகிறது" என்றார். அவர்மேல் குறை இல்லை. அதற்கும் இதற்கும் சேர்த்து நாங்கள் சொல்வது ஒரே சொல்தான். அவருடைய களைப்பு தூங்கி எழுந்தால் போகும். என்னுடையது தூங்கி எழும்போதே கூட எழுந்து வருகிறது.

இரைச்சல் கூடக் கூடச் சொற்கள் கழன்றுவிழத் தொடங்கின. தம்ளர் வேண்டும். அந்தச் சொல் வரவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, "தண்ணீர் ஊற்றுவார்களே, அது ஒன்று கொண்டுவா" என்றேன். அவன் பெரிய தண்ணீர் கேனையே தரையில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். தங்கையின் மகன், ஏழு வயது. வந்தவன் அங்கேயே நின்று என் காலையே பார்த்தான். "உங்கள் கால் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?" என்று கேட்டான். அன்று யாருமே இவ்வளவு சரியாகக் கேட்கவில்லை. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் மின்கம்பி உவமையை எடுத்துவிட்டேன்: மேலுறை கிழிந்த கம்பியில் மின்சாரம் ஒழுங்காகப் போகுமா? அவன் ஒரு கணம்தான் யோசித்தான். "அப்படியென்றால் டேப் சுற்ற வேண்டியதுதானே?" அதைத்தான் விஞ்ஞானிகளும் முயன்றுகொண்டிருக்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை என்றேன். "பெரிய கையாக இருக்கும், அதனால்தான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

பிறகு புகைப்படம்.

எங்கள் குடும்பப் படத்தில் வரிசைகள் எப்போதும் ஒரே மாதிரிதான். பெரியவர்களுக்கு நாற்காலி, மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும், பிள்ளைகள் தரையில். பாட்டியின் 75-வது வயதில் எடுத்த படத்தில் நான் கடைசி வரிசையில், ஒரு பெஞ்சின்மேல் நுனிக்காலில் நின்றுகொண்டு, முன்னால் நிற்பவன் தலைக்குப் பின்னால் கொம்பு வைத்துக்கொண்டிருப்பேன். இந்தமுறையும் நான் நிற்கத்தான் போனேன். அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீ இங்கே உட்கார்" என்று பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டார். வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. என் வயதுக்காரர்கள் எல்லோரும் பின்னால் நிற்க, நான் மட்டும் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து முன்வரிசைக்கு வருவதா? அத்தை பதில் சொல்லவில்லை. நாற்காலியும் நகரவில்லை. உட்கார்ந்தேன்.

புகைப்படக்காரருக்கு எதுவுமே திருப்தியாக இல்லை. இருபது நிமிடம். பின்னால் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி முனகினார்கள். முன்வரிசையிலோ உலகமே வேறாக இருந்தது. பெரியவர்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிற விதம் எனக்கு அதுவரை தெரியாது. கூச்சமே கிடையாது. பெரியப்பா இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரிய அத்தைக்கு இருமினால் ஆபத்து. இதையெல்லாம் வானிலை அறிக்கை போலக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் பத்து ஆண்டுகளாக உறவினர் யாரிடமும் சொல்லாத ஒன்றை, எப்படியென்றே தெரியாமல், சொல்லிவிட்டேன்: "எனக்கும் அப்படித்தான். வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது." ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணீரைக் குறைக்காதே, அது இன்னும் கெடுதல்" என்றார் பெரிய அத்தை. அவ்வளவுதான். என் மருத்துவர் சொன்னதும் அதே வாக்கியம்தான்.

படம் முடிந்ததும் பாட்டி என் கையைத் தட்டினார். "எனக்கும் போக வேண்டும், வா."

பாட்டிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. என் நோயின் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. எழுந்து நின்றதும் ஒன்று மட்டும் கேட்டார்: "உனக்கு எந்தக் கால்?" வலது என்று தொட்டுக் காட்டினேன். "எனக்கு இடது" என்று சொல்லி என் வலப்பக்கம் வந்து நின்றார். அவர் தடி அவருடைய வலது கையில், என் தடி என் இடது கையில். உள்பக்கத்துக் கைகளைக் கோத்துக்கொண்டோம். ஆக, இரண்டு தடிகளும் வெளியே, ஆகாத கால்கள் இரண்டும் நடுவில் அக்கம்பக்கமாக. பள்ளியில் இருவர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

கூடத்தின் அந்தக் கோடிவரை போனோம். என் கட்டைவிரல் தரையில் உரசும் சத்தம், அவர் செருப்பு இழுபடும் சத்தம், இரண்டு தடிகளின் ரப்பர் முனைகள். என்னோடு நடக்கிற எல்லோரும் எனக்காக வேகத்தைக் குறைப்பார்கள். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் நான் முடிந்ததைவிடக் கொஞ்சம் வேகமாக நடந்து, பிறகு அதற்கான வட்டியைக் கட்டுவேன். பாட்டி எதையும் குறைக்கவில்லை. அவருடைய வேகமே அதுதான். பாதி வழியில் நான்தான் அவருக்காக நின்றேன். நின்றபோது என்னிடம் சொன்னார்: "இந்த அத்தனை பேரில் பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியவில்லை." நான் அந்த 62 கணக்கைச் சொன்னேன். "அவ்வளவா!" என்று கவலைப்பட்டார்.

இரண்டரை மணிக்குக் கிளம்பிவிட்டேன். வாழ்த்துரைகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. முன்பெல்லாம் யாரிடமும் சொல்லாமல் நழுவிவிடுவேன். "சொல்லாமல் போய்விட்டாள்" என்ற பேச்சு அடுத்த விசேஷம்வரை ஓடும். இந்தமுறை முன்வரிசையில் மட்டும் சொல்லிக்கொண்டேன். தம்பி காரை வாசல்வரை கொண்டுவந்திருந்தான். நாற்காலிகளின் முதுகில் சாய்த்துவைத்திருந்த தடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது படிகளையும் இறங்கினேன். பலவீனமான கால் முதலில்.

திங்கட்கிழமை நான் படுக்கையைவிட்டு எழவில்லை. கால் மணல்மூட்டையாகக் கனத்தது. இப்படிப்பட்ட நாட்களில் கடிகாரத்தைப் பார்ப்பது ஒரு தனி வேலை. காய்ச்சல் இல்லாமல், புதிய தொந்தரவு 24 மணி நேரத்தைத் தாண்டி நீடித்தால்தான் அதை நோயின் புதுத் தாக்குதலாக எடுத்துக்கொள்வார்கள். இது பழைய தொந்தரவு, பழைய கால், இருந்தாலும் எண்ணினேன். செவ்வாய் காலை வலது கண்ணால் ஜன்னல் திரையைப் பார்த்தேன். நிறம் ஒழுங்காக இருந்தது. குளியலறைக்குப் போகத் தடியை ஊன்றியபோதுதான் தோள் ஏன் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பட்டது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி வர வேண்டும். இது அதற்கு இரண்டு துளை மேலே நின்றது. பார்க்க என்னுடையதைப் போலவே இருக்கும் அலுமினியத் தடி. ஆனால் பிடியில் வேறொருவர் கை தேய்த்த பளபளப்பு.

பெரியப்பாவை அழைத்தேன். பெரியப்பா என் உயரம்தான், வயதில் குறுகிப்போனவர்.

"தடி மாறிப்போய்விட்டது பெரியப்பா."

"தெரியும். நான் கொடுக்கப்போவதில்லை" என்றார். "இரண்டு நாளாகத் தோள்வலி இல்லை. உன் தடியில் என்ன வைத்திருக்கிறாய்?"

"ஒன்றும் இல்லை. உங்களுடையது உயரம் அதிகம். பொத்தானை அழுத்தி இரண்டு துளை இறக்கினால் அதுவும் இப்படித்தான் இருக்கும்."

ஆறு வருடங்களாக அந்தத் தடியோடு நடப்பவர். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்தப் பொத்தான்?" என்றார்.