கொழிஞ்சாம்பாறை, ஜூன்

ஜூன் 2
ஜெயிலில் இருந்து அண்ணனை லீவில் விட வேண்டிய போலீஸ் ரிப்போர்ட் இன்னும் போகவில்லையாம். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அம்மா அதற்குள் அண்ணனுக்கு மாங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாள்.

ஜூன் 3
ராத்திரி மறுபடியும் 'யோல்', துருக்கிப் படம். லீவில் வீட்டுக்குப் போகும் கைதிகள். டைரக்டர் யில்மாஸ் குனே இதை எழுதியதே சிறைக்குள் இருந்துதான். ஒரு நீதிபதியைச் சுட்ட வழக்கில் 1974-ல் உள்ளே போனவர். வெளியே இருந்து படம் பிடித்தவர் ஷெரிஃப் கோரென். பனியில் குதிரை சாகும் இடத்தில் குனே இல்லவே இல்லை, ஆனாலும் அது குனே படம். கோரெனுக்கு இது அநியாயம்தான். குளிரில் நின்றவர் அவர்.

ஜூன் 4
மழை. கரண்ட் இல்லை.

ஜூன் 6
'யோலி'ல் வரும் அந்த யூசுப். பெண்டாட்டிக்கென்று கூண்டில் ஒரு குருவி கொண்டுபோகிறான். வழியில் லீவுத்தாள் தொலைகிறது. பட்டாளக்காரர்கள் பிடித்து உட்காரவைத்துவிடுகிறார்கள், வீடு போய்ச் சேரவே இல்லை. வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் இவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். அண்ணன் எந்தத் தாளையும் சட்டைப்பையில்தான் வைப்பான். வந்து இறங்கியதும் அம்மா சட்டையை வாங்கி நனைத்துவிடுவாள். பிளாஸ்டிக் கவர் வாங்கணும். லேமினேட் பண்ணினால் செல்லுமா?

ஜூன் 9
ஒரு கையெழுத்து பாக்கி.

ஜூன் 10
மாமா வந்தார். ஜாமீன் அவர்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "திரும்பப் போயிருவானல்ல மாப்ளே?" என்றார். போவான் மாமா என்றேன்.
குனே போகவில்லை. 1981-ல் லீவில் வெளியே வந்தவர் நாட்டை விட்டே போய்விட்டார். சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து 'யோலை' எடிட் செய்தார், 1982-ல் கான் பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை, இன்னொரு டைரக்டர் கோஸ்டா காவ்ராஸோடு பங்கு. அடுத்த வருஷம் குடியுரிமையைப் பறித்தார்கள். இதையெல்லாம் மாமாவிடம் சொல்வேனா?

ஜூன் 11
குனேயின் 'துவார்' படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். 1983, பிரான்சில் செட்டுப்போட்ட துருக்கிச் சிறை. இதில் அவரே கேமரா பக்கத்தில் நிற்கிறார், ஆனால் ஊர் இல்லை. சுவரும் கத்தலும்தான். அவருடைய பழைய படம் 'உமுத்' (1970), அதன் கடைசியை ஓட்டிப் பார்த்தேன்: புதையல் தேடித் தோண்டிய குழியைச் சுற்றி, கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வண்டிக்காரன் சுற்றுகிறான், சுற்றுகிறான். குனேதான் நடிப்பு. அந்தப் புழுதியைப் பாரிசில் எங்கே போய் வாங்குவது? அங்கேயே 1984-ல் செத்தார். வயது 47.

ஜூன் 13
அம்மா ஊறுகாயைக் கிளறிக் கிளறியே கெடுத்துவிடுவாள் போல.

ஜூன் 14
கையெழுத்து ஆகிவிட்டது! காலையில் முதல் பஸ். ஜாமீன்காரர் ஆதார் ஒரிஜினல் வேணுமாம். சாயங்காலத்திலிருந்து மாமா போனை எடுக்கவில்லை.