மாமன் மகள்கள் எல்லாம் ராணிகள்

ஜனவரி 4

ஓட்டோ ஃபொன் போட்டன்லாவ்பனின் உறவுமுறையை ஒரு பெரிய தாளில் வரையத் தொடங்கியிருக்கிறேன். ஜெர்மனியின் பிராங்கோனியாவில், ஹென்னெபெர்க் கிராஃப் போப்போவின் மகன். கிராஃப் என்றால் டியூக்குக்கும் கீழே. பெரிய வரலாறுகளில் இவனுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். தந்தை மூன்றாம் சிலுவைப் போருக்குப் போய் 1190-இல் இறந்துபோனான். மகன் பாட் கிஸ்ஸிங்கனுக்கு அருகில் இருந்த கோட்டையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான்.

ஜனவரி 6

தாய்வழி வந்ததும் தாள் போதவில்லை. தாய் சோஃபியா ஆண்டெக்ஸ் வீட்டுப் பெண். அவளுடைய உடன்பிறந்தவன் மெரானியா டியூக் நான்காம் பெர்டோல்டு. அவனுடைய மகள்களில் ஆக்னெஸ் பிரான்ஸ் மன்னன் இரண்டாம் பிலிப்பை மணந்தாள், கெர்ட்ரூட் ஹங்கேரிக்கு ராணியானாள், சைலீசியாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஹெட்விக்குக் கடைசியில் புனிதர் பட்டம். மேல்நாட்டு நூல்கள் எல்லாரையும் 'கசின்' என்று ஒரே கூடையில் போடுகின்றன. நமக்கோ அந்தக் குழப்பம் இல்லை: மாமன் மகள்கள். முறைப்பெண் என்று பேச்செடுத்திருந்தால் மட்டும் திருச்சபை கொதித்திருக்கும். அப்போது ஏழு தலைமுறை உறவுக்குள் மணம் கூடாது. 1215-இல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள்.

ராணியானவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா என்றால், அதுவும் இல்லை. டென்மார்க்கிலிருந்து வந்த மனைவியை ஒதுக்கிவிட்டு ஆக்னெசைக் கைப்பிடித்தான் பிலிப். அதற்காக 1200-இல் போப் மூன்றாம் இன்னசென்ட் பிரான்சில் வழிபாடுகளையே நிறுத்திவைத்தார். மறு ஆண்டு ஆக்னெஸ் இறந்தாள். கெர்ட்ரூட் 1213-இல் கொலையுண்டாள்.

ஜனவரி 11

வேலை அதிகம். தாளைத் தொடவே இல்லை.

ஜனவரி 15

இன்று மனைவி வீடு. புனித நாட்டுக்குப் போன ஓட்டோ அங்கே மணந்தவள் பெயாட்ரிக்ஸ் டி கூர்த்தனே. அவள் தந்தை மூன்றாம் ஜோசலின், சிலுவைப் போராளிகள் அமைத்த எடெசா நாட்டின் கோமகன். எடெசாதான் கையில் இல்லை. 1144-இலேயே மோசுலை ஆண்ட செங்கி பிடித்துக்கொண்டான். பட்டம் மட்டும் பரம்பரையாக வந்தது. ஜெருசலேமின் தொழுநோய் மன்னன் நான்காம் பால்ட்வின் அவளுக்கு அத்தை மகன்! சீதனமாக வந்த கலிலேய நிலங்களை 1220-இல் ட்யூட்டானிக் வீரத்துறவியருக்கு விற்றுவிட்டு இருவரும் ஜெர்மனியோடு இருந்துவிட்டார்கள்.

ஜனவரி 16

இவன் காதல் பாடல் எழுதியவன் என்பதைச் சொல்லவே மறந்துவிட்டேன். கிறிஸ்து தரும் பரிசு இத்தனை இனிமையாக இல்லாவிட்டால் என் காதலியை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்று சிலுவைப் போருக்குப் போகிறவன் பாடுகிறான். மனைவியை நினைத்து எழுதியது என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் மின்னே என்ற அந்தக் காலத்து ஜெர்மானியக் காதல் பாடல்களில் காதலி பெரும்பாலும் மரபுக்காக நிற்பவள்.

ஜனவரி 20

ஓட்டோவின் மூத்த மகனும் மருமகளும் பிரிந்து துறவு பூண்டார்கள். இளையவனும் திருச்சபைக்கே போனான். பெற்றவர்கள் 1231-இல் ஃபிராவன்ரோத் என்ற இடத்தில் பெண் துறவியருக்கு மடம் கட்டினார்கள். பெயாட்ரிக்சின் முக்காட்டைக் காற்று கொண்டுபோய்ப் போட்ட இடம் அது என்று ஊரார் கதை சொல்வார்கள். 1234-இல் கோட்டையும் வூர்ட்ஸ்பர்க் ஆயர் கைக்குப் போயிற்று. இன்று அங்கே மிஞ்சியிருப்பவை இடிபாடும் இரண்டு வட்டக் கோபுரங்களும். மடத்துக் கோயிலில் கணவனும் மனைவியும் கல்லில் இருக்கிறார்கள்.

தாளின் மேல்பாதியில் இடமில்லாமல் எழுத்துகளை நெருக்கி எழுதியிருக்கிறேன். கீழ்ப்பாதி கிட்டத்தட்ட வெள்ளையாகவே கிடக்கிறது.