கோகோபீட் வெள்ளரியில் வேர் பாக்டீரியா: ஓசூர் பசுமைக்குடில் நாட்குறிப்பு

பிப்ரவரி 20

5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டிகள் ஊறுகின்றன. கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட். இரவு முழுக்க ஊறியபின் வடித்து, வடிநீரின் ஈசி (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 0.5-க்குக் கீழே இறங்கும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நார்க்கழிவு பிடித்துவைத்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெளியேறி அந்த இடத்தில் கால்சியம் உட்கார்ந்தால்தான் இளம் வேர்நுனி கருகாமல் இருக்கும். கருகிய நுனி வழியாகத்தான் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி சுலபமாக நுழைகிறது. அலசலில் அவசரப்பட்டால் பிறகு எந்த பாக்டீரியாவை ஊற்றியும் பயனில்லை.

பிப்ரவரி 23

குழித்தட்டு விதைப்பு. வீரிய ஒட்டு விதை மருந்து பூசியே வருகிறது. அதன்மேல் பாக்டீரியாத் தூளைப் புரட்டுவதைவிட, விதையிலை விரிந்ததும் தட்டில் ஊற்றுவது நல்லது. லிட்டருக்கு 5 மில்லி திரவ பேசில்லஸ் சப்டிலிஸ் (வேரைக் காக்கும் பாக்டீரியா), 98 குழித் தட்டுக்கு ஒரு லிட்டர். வேர் பொடியாக இருக்கும்போதே இடம்பிடித்துவிட்டால் பின்னால் வரும் நோய்க்கிருமிக்கு இடம் குறையும்.

மார்ச் 8

கோகோபீட் பைகளில் நடவு முடிந்தது. மாலைக்கான சூடோமோனாஸ் (வேரைக் காக்கும் இன்னொரு பாக்டீரியா) கரைசல்: 100 லிட்டருக்கு அது கலந்த டால்க் தூள் 500 கிராம், செடிக்கு 100 மில்லி, தண்டைச் சுற்றி. ஆயிரம் செடிக்குச் சரியாக வரும்.

தண்ணீர்தான் முக்கியம். தொட்டியில் குளோரின் போட்டிருந்தால் பாக்டீரியா செத்துவிடும், ஊற்றுவது வெறும் டால்க்தான். நேற்று மாலையே தண்ணீரைத் திறந்த டிரம்மில் பிடித்து, காற்று பம்பு ஓடவிட்டு, காலையில் குளோரின் கிட்டில் சோதித்தோம். மஞ்சள் நிறம் துளியும் காட்டக் கூடாது. பிஎச் 6. தூளைக் கரைத்து அரைமணி நேரம் தெளியவிட்டு, துணியில் வடித்து, கையால்தான் ஊற்ற வேண்டும். டிரிப் வழியே விட்டால் டால்க் ஃபில்டரை அடைத்துவிடும். ஏ, பி உரத்தொட்டிகளில் (அடர் உரக்கரைசல் வைக்கும் இரு தொட்டிகள்) கலக்கவே கூடாது: அந்த உப்புச் செறிவிலும் அமிலத்திலும் சூடோமோனாஸ் பிழைக்காது. அதற்கு வித்து (ஸ்போர்) கிடையாது. பேசில்லஸ் வித்தாக உறங்கித் தாக்குப்பிடிக்கும், ஆனால் அங்கே வேலை செய்யாது.

கடைசிப் பாசனம் முடிந்தபின் ஊற்றி, விடியும்வரை டிரிப்பை நிறுத்திவைக்கிறோம். இல்லாவிட்டால் பாதி வடிகாலுக்குப் போய்விடும். ஓரத்து வரிசைக்கு எதுவும் ஊற்றவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

மார்ச் 15

சூடோமோனாஸ் இரும்பைப் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடும் என்பார்கள். மண்ணுக்கு அது பொருந்தும். இரும்பு பற்றாத இடத்தில்தான் அது சைடரோஃபோரை (இரும்பைப் பிடிக்கும் பொருளை) நிறையச் சுரக்கும். நம் உரக்கரைசலிலோ கீலேட் இரும்பு (கரைந்தே நிற்கும் இரும்பு) 2 முதல் 3 பிபிஎம் எப்போதும் இருக்கிறது. எனவே இங்கே நம்ப வேண்டியது அது வேர்மேல் பிடிக்கும் இடத்தையும், சுரக்கும் எதிர்ப்பொருள்களையும், செடிக்குள் தூண்டிவிடும் எதிர்ப்புச் சக்தியையும்தான்.

மார்ச் 27

மதியம் மூன்றாம் வரிசையில் ஒரு பையின் செடிகள் துவண்டு, மாலையில் நிமிர்ந்தன. பையைக் கீறிப் பார்த்தோம். வேர் பழுப்பு நிறம். இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, நடுவில் வெள்ளை நூல் மட்டும் மிஞ்சுகிறது. பித்தியம் வேரழுகல்தான். காரணமும் அங்கேயே இருந்தது: வடிகால் வெட்டு அடியிலிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில், கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தேங்கிய வெந்நீரில் வேருக்கும் மூச்சில்லை, பாக்டீரியாவுக்கும் மூச்சில்லை. பித்தியத்தின் நீந்தும் வித்துகளுக்கோ அது தோதான இடம்.

அந்தப் பையை அப்படியே வெளியேற்றியாகிவிட்டது. எல்லாப் பைகளிலும் வெட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, பக்கத்துப் பைகளுக்கு மட்டும் பேசில்லஸ் மீண்டும் ஊற்றினோம். அழுகிய வேரை எந்த பாக்டீரியாவும் மீட்காது. காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றலாமா என்ற பேச்சு எழுந்தது; வேண்டாம். தாமிரம் நாம் விட்ட பாக்டீரியாவையும் கொல்லும்.

ஏப்ரல் 9

சில டிரிப்பர்களில் வழவழப்பு. பாக்டீரியாவை வெல்லம் சேர்த்துப் பெருக்கி விடும் பழக்கம் இருக்கும் இடங்களில் இது இன்னும் மோசம்: சர்க்கரை கிடைத்தால் குழாயில் கண்டதெல்லாம் வளரும், பைக்குள் ஆக்சிஜனும் குறையும். வேர் கசியும் சர்க்கரையே பாக்டீரியாவுக்குப் போதும்.

குழாய்க்கு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, கடைசிமுனையைத் திறந்து நன்றாக அலசியாயிற்று. அடுத்த பாக்டீரியா ஊற்றல் இரண்டு நாள் கழித்து. ஓரத்து வரிசையில் காய் குறையவில்லை. வேர் மட்டும் மற்ற வரிசைகளைவிடச் சற்று மங்கல். வெயில் ஏறும் வாரங்களில் அதே பைகளை மறுபடி கீறிப் பார்க்க வேண்டும்.